குதிரை இல்லாதவர் வாங்கும் இடம்

குதிரையே வைத்திராத ஒருவர், பந்தயத்தில் ஓடும் இடத்தை மட்டும் பெரிய தொகை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் குதிரை தேடிப் போகிறார். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சில பெரிய வண்டிக் குதிரைப் பந்தயங்கள் இப்படித்தான் நடக்கின்றன. அந்த இடத்துக்கு ஸ்லாட் என்று பெயர். இதை எனக்கு முதலில் சொன்னவன் சிட்னியில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன். பாதியை அவனாகச் சொன்னான். மீதியை நான் கேள்வி கேட்டே வாங்கினேன். ஆடிட்டர் அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பழகியவளுக்கு, பணத்தைப் போட்டவர் யார், எடுத்தவர் யார் என்று தெரியாமல் எந்த ஓட்டத்தையும் ரசிக்க முடிவதில்லை.

நான் இவ்வளவு துருவியதற்குக் காரணம் உள்ளூரில் இருக்கிறது. உடுமலைக்கும் தாராபுரத்துக்கும் இடையில் இருக்கிற எங்கள் பக்கத்தில் ரேக்ளா என்றால் வீட்டுக்கு வீடு ஒரு கட்சி. என் அண்ணன் காளை கட்டுகிறார். விழாக் குழுவில் இருக்கும் ஒரு பைனான்ஸ்காரர், இந்த ஸ்லாட் ஏற்பாட்டைக் கைபேசியில் எங்கோ பார்த்துவிட்டு, "நாமும் இருபத்தைந்து இடத்தை விற்றுவிடலாம், பரிசு தானாக வந்துவிடும்" என்று கிளம்பினார். கணக்கு தெரிந்தவள் என்று என்னிடம் அனுப்பிவைத்தார்கள்.

அந்தப் பந்தயம் எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு சக்கர வண்டி, ஒற்றைக் குதிரை, பின்னால் கால்களை முன்னே நீட்டி உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர். குதிரை பாயக் கூடாது. ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து போகும் நடை ஒன்று, எதிரெதிர்க் கால்கள் சேர்ந்து போகும் நடை ஒன்று. எந்த நடைப் பந்தயமோ அந்த நடையிலேயே ஓட வேண்டும். நடை தவறிப் பாய்ச்சலுக்கு மாறினால், ஓட்டுநர் குதிரையை இழுத்துப் பிடித்துப் பழைய நடைக்குக் கொண்டுவந்த பிறகுதான் மேலே போகலாம். அதற்குள் மற்றவர்கள் போய்விடுவார்கள். "காளையைப் பாயாதே என்று சொல்லி ஓட்டுவதா, நல்ல கூத்து" என்றார் அண்ணன். ஆனால் வீடியோவைக் கடைசி வரை பார்த்தார். திரும்பப் போடச் சொல்லியும் பார்த்தார்.

இந்தக் குதிரை இனத்தின் பெயர் ஸ்டாண்டர்ட்பிரெட். 1 மைல் தூரத்தை 2 நிமிடம் 30 விநாடிக்குள் கடக்க வேண்டும் என்று 1879-இல் அமெரிக்காவில் ஓர் அளவுகோல் வைத்தார்கள். இனத்தின் பெயர் அந்த அளவுகோலிலிருந்து வந்தது. இனத்தின் மூலக் குதிரை 1849-இல் பிறந்த ஹாம்பிள்டோனியன். அதன் பெயரில் 1926 முதல் ஒரு பந்தயம் நடக்கிறது; 1981-இலிருந்து நியூ ஜெர்சி மாநிலத்தின் மெடோலாண்ட்ஸ் களத்தில்.

அந்த ஹாம்பிள்டோனியனில் நுழையும் வழிதான் பழைய வழி. ஓடுவது மூன்று வயதுக் குதிரை. ஆனால் பெயர் பதிவது அது ஒரு வயதுக் குட்டியாக இருக்கும்போதே. பதிந்த பிறகு தவணை தவணையாகப் பணம் கட்டி அந்தப் பதிவை உயிரோடு வைத்திருக்க வேண்டும். குட்டி நன்றாக வளரவில்லை, காலில் வீக்கம், வேகம் போதவில்லை என்றால் தவணையை நிறுத்திவிட்டு விலகிக்கொள்ளலாம். கட்டிய பணம் போனது போனதுதான். ஓடாத நூற்றுக்கணக்கான குட்டிகளின் தவணையும் ஓடும் சில குதிரைகளின் பரிசில் கிடக்கிறது. இறுதிப் போட்டியில் 10 குதிரைக்குத்தான் இடம். அதற்குமேல் வந்தால் முன்சுற்று ஓடித் தேற வேண்டும். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 1936-இலிருந்து நடத்தும் இன்டர் டொமினியனும் முன்சுற்றுகளில் ஓடி இடம் பிடிக்கும் முறைதான். இரண்டிலும் நுழைவுரிமை குதிரையோடு ஒட்டியிருக்கிறது. குதிரையை விற்றால் அதுவும் கூடவே போகும்.

ஸ்லாட் முறை இந்த ஒட்டைப் பிரித்துவிட்டது. பஸ் முதலாளிகள் நிறைந்த நம் கொங்குச் சீமையில் இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: பஸ் வேறு, பர்மிட் வேறு. பஸ் பழசாகிக் காயலான் கடைக்குப் போய்விடும். ரூட்டுக்கு மதிப்பு நிற்கும். பர்மிட் வைத்திருப்பவரிடம் ஓடுகிற நிலையில் வண்டி இல்லாமலும் இருக்கலாம்.

இதைப் பெரிய அளவில் தொடங்கி வைத்தது வண்டிப் பந்தயம் அல்ல, மேலே ஆள் ஏறி ஓட்டும் சாதாரணக் குதிரைப் பந்தயம். 2017 ஜனவரியில் ஃபுளோரிடாவின் கல்ஃப்ஸ்ட்ரீம் பார்க்கில் பெகாசஸ் உலகக் கோப்பை என்று ஒன்றை முதல்முறையாக நடத்தினார்கள். 12 இடம், ஒவ்வொன்றும் 10 லட்சம் டாலர். மொத்தப் பரிசு 1.2 கோடி டாலர். அதாவது இடம் வாங்கியவர்கள் போட்ட பணமே பரிசு. பேரேட்டில் இதைவிடச் சுத்தமான பக்கத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் வலது பக்கத்தையும் பார்க்க வேண்டும். வென்ற அரோகேட்டுக்கு 70 லட்சம். இரண்டாவதுக்கு 17.5 லட்சம், மூன்றாவதுக்கு 10 லட்சம். மற்ற ஒன்பது பேருக்கும் ஆளுக்கு 2.5 லட்சம். மூன்றாவதாக வந்தால்தான் போட்ட முதல் திரும்புகிறது, அதுவும் லாபமில்லாமல். 2014-இல் கென்டக்கி டெர்பியை வென்ற கலிபோர்னியா குரோம் அன்று ஒன்பதாவதாக வந்தது. அந்த இடத்தின் கணக்கில் 7.5 லட்சம் டாலர் பள்ளம். இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்கு வருடா வருடம் பன்னிரண்டு பேர் கிடைப்பார்களா? 2020-இல் இடக்கட்டணத்தை எடுத்துவிட்டு, பரிசையும் 30 லட்சமாகக் குறைத்துவிட்டார்கள்.

அதே 2017 அக்டோபரில் சிட்னியின் ராண்ட்விக் களத்தில் எவரெஸ்ட் பந்தயம் வந்தது. அதிலும் 12 இடம்தான். ஓர் இடம் 6 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம். பரிசு 1 கோடி டாலர். பன்னிரண்டை ஆறால் பெருக்கினால் 72 லட்சம். மீதி 28 லட்சத்தைப் பந்தயம் நடத்துகிறவர்கள் வெளியிலிருந்து திரட்டிப் போட்டார்கள். இந்த 28 லட்சம்தான் வித்தியாசம் என்பது என் கணிப்பு. இடம் வாங்கியவர்கள் தங்கள் பணத்தையே தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டால் அது சீட்டாட்டம். வெளியிலிருந்து ஒரு தொகை உள்ளே வந்தால்தான் அடுத்த வருடமும் ஆள் நிற்பார்கள். எவரெஸ்ட் நின்றது, வளர்ந்தது. முதல் இரண்டு வருடமும் ரெட்ஸெல் என்ற ஒரே குதிரை வென்றது.

வண்டிப் பந்தயக்காரர்கள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2022-இல் நியூசிலாந்தின் கேம்பிரிட்ஜ் களத்தில் ஸ்லாட் முறையில் வண்டிப் பந்தயம் ஓடியது. 2023 செப்டம்பரில் சிட்னிக்குத் தென்மேற்கே மெனாங்கிளில் யுரேகா தொடங்கியது: 10 இடம், 2,400 மீட்டர், 21 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் பரிசு. ஆஸ்திரேலியாவில் பிறந்த மூன்று, நான்கு வயதுக் குதிரைகள் மட்டும். இந்தக் கட்டுப்பாட்டை நான் மெச்சுகிறேன். வெளிநாட்டிலிருந்து வயது முதிர்ந்த வீரனை விலைக்கு வாங்கி இறக்க முடியாது; உள்ளூரில் குட்டி வளர்ப்பவனுக்கு ஒரு பிடிப்பு இருக்கிறது.

இனி உண்மையான பந்தயத்துக்கு வருகிறேன். அது களத்தில் நடப்பதில்லை.

இடம் வாங்கியவரிடம் குதிரை இல்லை. குதிரைக்காரரிடம் இடம் இல்லை. இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். பரிசில் யாருக்கு எவ்வளவு என்பது அவர்கள் சாமர்த்தியம். நல்ல குதிரைக்குப் பல இடக்காரர்கள் வாசலில் நின்றால் குதிரைக்காரர் கை ஓங்கும்; நாள் நெருங்கியும் அழைப்பு வராத குதிரை என்றால் இடக்காரர் சொன்னதுதான் விலை. முன்கூட்டியே கைச்சாத்துப் போட்டுவிட்டால் நல்ல குதிரை கையில் இருக்கும், ஆனால் இடையில் அது நொண்டினால் இடக்காரர் மறுபடியும் தெருவில். கடைசி வரை காத்திருந்தால் யார் நல்ல நிலையில் இருக்கிறார் என்று தெரிந்துவிடும், ஆனால் அதற்குள் அந்தக் குதிரையை வேறொருவர் பிடித்திருப்பார்.

"அத்தை, உங்களுக்கு ஓட்டம் பிடிக்கும் என்று நினைத்தேன், ஒப்பந்தம்தான் பிடிக்கிறது" என்றான் பையன். சாமி, ஓட்டம் மூன்று நிமிடம் கூட இல்லை, ஒப்பந்தம் மாதக்கணக்கு என்றேன்.

அவனை வைத்து ஒரு கற்பனைக் கணக்குப் போட்டேன். பரிசு 10 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம், இடக்காரரும் குதிரைக்காரரும் பாதிப் பாதி. அங்கே பரிசில் பயிற்சியாளருக்குப் பத்து சதவீதமும் ஓட்டுநருக்கு ஐந்து சதவீதமும் வழக்கம். அந்தப் பதினைந்து எதன் மீது? மொத்தப் பத்து லட்சத்தின் மீது என்றால் ஒன்றரை லட்சம். அதைக் குதிரைக்காரர் தன் பாதியிலிருந்து கொடுத்தால் அவர் கையில் மூன்றரை. இடக்காரருக்கு முழுதாக ஐந்து. இருவரும் சேர்ந்து கொடுத்தால் ஆளுக்கு நாலேகால். ஒரே ஒரு வரி, எழுபத்தையாயிரம் டாலர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைத் தீர்க்கிறது. குதிரைக்காரர் வருடம் முழுதும் தீவனம் போட்டு, லாடம் அடித்து, மருத்துவருக்குக் கொடுத்தது இதில் எங்கும் வரவில்லை. இடக்காரர் தீவனம் போடவில்லை, ஆனால் இடக்கட்டணம் கட்டியிருக்கிறார், குதிரை கடைசியாக வந்தாலும் அது அவர் நஷ்டம். இரண்டு பேரும் தங்களுக்குத்தான் அநியாயம் என்று மனமார நம்பக்கூடிய கணக்கு இது.

பரிசுப் பணம் மட்டும்தான் கணக்கு என்று எடுத்துக்கொள்ள முடியாது. இடம் வாங்குகிறவர் குதிரைப் பண்ணை வைத்திருந்தால், தன் பொலிகுதிரைக்குப் பிறந்த ஒன்று ஓட வேண்டும் என்று பார்ப்பார். அது வென்றால் அடுத்த பருவத்தில் பொலிகட்டணம் ஏறும். குதிரை மீது பணம் கட்டுவதைத் தொழிலாக நடத்தும் கம்பெனி வாங்கினால், அதற்கு விளம்பரம் முக்கியம். நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து வாங்கியிருந்தால் அன்று மாலை களத்தில் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு நிற்பதே போதும். ஆக, நாட்டின் சிறந்த 10 குதிரைகள் வருகின்றன என்று சொல்ல முடியாது. பத்துப் பேருக்குப் பிடித்த பத்துக் குதிரைகள் வருகின்றன. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக இருக்கும். பதினோராவதாக நிற்கும் குதிரையின் சொந்தக்காரரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கொட்டகையில் ஒரே ஒரு நல்ல குதிரை வைத்திருக்கும் சின்ன ஆள், கையிலிருந்து ஒரு டாலர் நுழைவுக் கட்டணம் போடாமல், பெரும்பரிசுக்கு ஓடலாம். பழைய முறையில் குட்டியாக இருக்கும்போது தவணை கட்டத் தவறியவனுக்கு இந்த வாசல் கிடையாது. இந்த ஒரு காரணத்துக்காக ஸ்லாட் முறையை நான் திட்ட மாட்டேன்.

இடம் கிடைத்ததும் வேலை முடிந்ததா என்றால், இன்னொரு குலுக்கல் இருக்கிறது. ஸ்லாட் என்பது உள்ளே வரும் உரிமை. எந்த வரிசையில் நின்று புறப்படுவது என்பது தனி. வண்டிப் பந்தயத்தில் புறப்பாடு வேடிக்கையானது. இரண்டு பக்கமும் இறக்கை விரித்த ஒரு மோட்டார் வாகனம் முன்னே போகும். குதிரைகள் அந்த இறக்கைக்கு மூக்கைக் கொடுத்தபடி பின்னால் ஓடிவரும். கோட்டை நெருங்கும்போது வாகனம் வேகமெடுத்து இறக்கையை மடக்கிக்கொண்டு விலகிவிடும். 1946-இலிருந்து வழக்கத்தில் இருக்கும் ஏற்பாடு. உள்வேலியை ஒட்டிய எண் கிடைத்தவர் குறைந்த தூரம் ஓடி முன்னணியைப் பிடிக்கலாம். வெளி எண் கிடைத்தவர் வளைவுகளில் அகலச் சுற்றி, காற்றை முகத்தில் வாங்கி, அதிக தூரம் ஓடுகிறார். மெனாங்கிளில் ஒரு சுற்று 1,400 மீட்டர், வளைவுகள் அகலம். சின்னக் களங்களைவிட அங்கே வெளி எண்ணுக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு. இருந்தாலும் லட்சக்கணக்கில் பேரம் பேசி எழுதிய ஒப்பந்தத்தின் மதிப்பு அந்தக் குலுக்கலில் ஏறும் அல்லது இறங்கும்.

குலுக்கல் என்றதும் அண்ணன் நிமிர்ந்தார். அது அவருக்குத் தெரிந்த சங்கதி.

தென்மாவட்டங்களில் எல்லா வண்டியும் ஒன்றாகக் கிளம்பும். எங்கள் பக்கம் அப்படி இல்லை, நேரக் கணக்கு. பல் பார்த்து இளங்காளைகளை 200 மீட்டருக்கும் வளர்ந்தவற்றை 300 மீட்டருக்கும் பிரிப்பார்கள். டோக்கன் எண் வரிசையில் வண்டியை விடுவார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் ஒலிபெருக்கியில் விநாடிக் கணக்கு வரும்; கடைசி வண்டி ஓடி முடிக்கும் வரை யார் முதல் என்று யாருக்கும் தெரியாது. எதிராளியே கண்ணில் படாத ஓட்டம். ஆனால் டோக்கன் எண்ணில் இருக்கிறது சூட்சுமம். காலையில் தடம் இறுகி இருக்கும், காளைக்கும் உடம்பு குளிர்ச்சி. நூறு வண்டி ஓடிய பிறகு மண் பொளபொளவென்று கிளம்பிவிடும், வெயிலும் ஏறிவிடும். அண்ணனுடைய மயிலைக் காளைகளில் வலத்தான் வெயில் ஏறினால் நுகத்தடியில் கழுத்தைக் கொடுக்காது. தலையைச் சாய்த்து ஒதுங்கும். இரண்டு பையன்கள் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுக்க, அது நான்கு காலையும் ஊன்றி நிற்க, அண்ணன் அதன் காதருகே போய் ஏதோ சொல்லுவார். அதற்குள் இடத்தான் அலுத்துப்போய்ச் சாணி போட்டுவிடும். ஆகவே முதல் முப்பது எண்ணுக்குள் டோக்கன் கிடைத்தால் வீட்டில் அன்றைக்குச் சண்டை இல்லை.

இதில்தான் பைனான்ஸ்காரரின் கண் விழுந்தது. முதல் இருபத்தைந்து டோக்கனை விற்றுவிடலாம். வாங்கியவர் தனக்குப் பிடித்த காளைக்காரரை ஓட்டச் சொல்லலாம். பரிசாகத் தரும் தங்கக் காசுகளைப் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளலாம். எங்கோ ஆஸ்திரேலியாவில் நடக்கிறதே என்றார்.

நான் சொன்ன பதில் இது. அங்கே இடத்தை விற்றவர்கள் புதிதாக ஒரு பந்தயத்தை உண்டாக்கி, அதன் இடத்தை விற்றார்கள். யாரிடமும் ஏற்கெனவே இருந்ததை எடுக்கவில்லை. ஹாம்பிள்டோனியன் அதன் வழியில் நடக்கிறது, இன்டர் டொமினியன் அதன் வழியில் நடக்கிறது. நீங்கள் கேட்பது, வரிசையில் நின்று டோக்கன் வாங்கும் ஊர்க்காரனின் காலை நேரத்தை. அங்கே இடம் வாங்கியவருக்கு ஓட்டம் மட்டும் கிடைக்கிறது, எண்ணைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. நீங்கள் எண்ணையே விற்கிறீர்கள். இன்னொன்று: அங்கே குதிரை மீது பணம் கட்டுவது சட்டப்படி நடக்கும் தொழில். நம் காளை ஓட்டத்தில் அது கிடையாது, வரவும் வேண்டாம். அப்படியானால் வெளியிலிருந்து வரவேண்டிய அந்த 28 லட்சம் எங்கே? நம் இருபத்தைந்து பேர் பணத்தையே நாம் சுற்றிச் சுற்றி எண்ணினால், இரண்டாம் வருடம் பதினைந்து பேர்தான் வருவார்கள்.

2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டு, ரேக்ளா எல்லாவற்றையும் நிறுத்தியபோது காளையை விற்காமல் கட்டி வைத்திருந்தவர்கள் குழுவில் இருக்கிறார்கள். 2017-இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் வந்து, 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. காளை ஓடாத வருடங்களில் தவிடும் பருத்திக்கொட்டையும் போட்டவர்கள், டோக்கனைக் காசுக்கு வாங்கு என்றால் சும்மா இருப்பார்களா? கூட்டத்தில் சத்தம் பெரிதாகிவிட்டது. அதை எழுத வேண்டியதில்லை.

கடைசியில் ஒரு சமாதானம். வழக்கமான பந்தயத்தை யாரும் தொடக் கூடாது. அது முடிந்த பிறகு, அனுமதி கிடைத்தால், தனியாக ஒரு சிறப்பு ஓட்டம், பத்து இடம், இடம் வாங்குகிறவர் பணம் போலவே குழுவும் அதே அளவு நன்கொடை திரட்டிப் பரிசில் சேர்க்க வேண்டும். வரைவை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பங்கு எவ்வளவு என்பதை இடக்காரரும் காளைக்காரரும் முன்னதாக எழுதிக் கையெழுத்திட்டுக் குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். சாரதிக்கும் காளை பிடிக்கும் பையன்களுக்கும் உரியது மொத்தப் பரிசிலிருந்து முதலில் எடுக்கப்படும், பிறகுதான் பங்கு. ஓடும் வரிசை குலுக்கலில், எல்லோர் முன்னிலையிலும். கால்நடை மருத்துவர் வேண்டாம் என்று சொன்ன காளைக்கு மாற்றுக் காளை, ஆனால் முந்தின நாள் மாலைக்குள். ஒரு வாரம் முன்பு வரை காளை ஒப்பந்தமாகாத இடம் குழுவுக்குத் திரும்பிவிடும், பணம் திரும்பாது, அந்த இடத்தை, வழக்கமான பந்தயத்தில் நல்ல நேரம் எடுத்தும் அழைப்பு வராத காளைக்குக் குழு இலவசமாகக் கொடுக்கும்.

பைனான்ஸ்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். எல்லாம் சரிங்க அம்மணி, அந்தக் கடைசி ஒன்றை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டார். அதை எடுத்தால் மற்றதையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று தாளை அவர் பக்கமே தள்ளினேன். இப்போது அது அவரிடம்தான் இருக்கிறது. வரும் அமாவாசைக் கூட்டத்தில் கையெழுத்தோடு வருகிறதா, இல்லையா என்று பார்க்கலாம்.